இறுவட்டு இயக்கியைச் சூழொலி ஏற்பியுடன் இணைத்தல்

இறுவட்டு இயக்கியைச் சூழொலி ஏற்பியுடன் இணைத்தல் என்பது, டிவிடி, புளூ-ரே முதலிய இறுவட்டுகளில் பல தடங்களாகப் பதியப்பட்டுள்ள ஒலியை, அத்தடங்கள் ஒன்றோடொன்று கலவாத வகையில், வீட்டுத் திரையரங்கின் ஒலிபெருக்கிகள் வரை கொண்டு சேர்க்கும் முறையைக் குறிக்கும். டிவிடி பிளேயர், புளூ-ரே பிளேயர் என்று கடைகளில் விற்கப்படும் கருவியே இங்கு இறுவட்டு இயக்கி எனப்படுகிறது. ரிசீவர் என்று வழங்கும் ஏற்பி, ஒலிக்குறிகையைப் பெற்று, குறிவிலக்கி, பெருக்கி, ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் உரிய பங்கை அனுப்பும் கருவியாகும்.

இவ்விரு கருவிகளையும் ஒரு வடத்தால் பொருத்திவிட்டால் ஒலி வந்துவிடும். ஆனால், வந்தது சூழொலிதானா என்பது வேறு கேள்வி. தவறான வடமோ, இயக்கியின் அமைப்புப் பட்டியில் தவறான ஒரு தெரிவோ இருந்தால், இறுவட்டில் ஆறு தடங்களாக உள்ள ஒலி இரண்டு தடங்களாகச் சுருங்கிவிடும். அப்போதும் எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஏதோ ஓர் ஒலி கேட்கக்கூடும் என்பதால், பிழை நடந்திருப்பதே பல ஆண்டுகள் தெரியாமல் இருந்துவிடுவதுண்டு.

பின்னணி

5.1 என்னும் குறியீடு ஆறு தடங்களைக் குறிக்கிறது. முன் இடம், முன் நடு, முன் வலம், பின் இடம், பின் வலம் ஆகிய ஐந்தும் முழு அலைவெண் வீச்சுள்ள தடங்கள். ஆறாவது தடம் ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட தாழொலிகளை மட்டும் கொண்டது, அதனாலேயே அது ஒரு முழுத் தடமாக எண்ணப்படாமல் ".1" எனப் புள்ளிக்குப் பின் எழுதப்படுகிறது. வெடியோசை, இடி, நிலநடுக்கம் போன்றவற்றுக்கு இத்தடம் பயன்படுகிறது. திரைப்பட உரையாடலின் பெரும்பகுதி முன் நடுத் தடத்தில் அமைந்திருக்கும்.

திரையரங்குகளில் இம்முறை 1990களின் தொடக்கத்தில் பரவியது. 1992 ஆம் ஆண்டு வெளிவந்த பேட்மேன் ரிட்டர்ன்ஸ் டால்பி டிஜிட்டல் முறையிலும், 1993 ஆம் ஆண்டு வெளிவந்த ஜுராசிக் பார்க் டிடிஎஸ் முறையிலும் ஒலி அமைக்கப்பட்ட முதல் படங்களாகும். டால்பி முறையில் ஒலித்தரவு படச்சுருளின் துளைகளுக்கு இடையிலேயே அச்சிடப்பட்டது. டிடிஎஸ் முறையிலோ படச்சுருளில் நேரக்குறியீடு மட்டும் இருக்கும். ஒலி தனி இறுவட்டிலிருந்து வரும். தமிழில் 1995 ஆம் ஆண்டு வெளியான குருதிப்புனல், டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியத் திரைப்படமாகக் குறிப்பிடப்படுகிறது.

இந்தச் சூழொலியை வீட்டுக்குள் பரவலாகக் கொண்டுவந்தது டிவிடி. 1996 நவம்பரில் சப்பானிலும் 1997 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. புளூ-ரே 2006 ஆம் ஆண்டிலும், அதன் மீவுயர் தெளிவு வடிவம் 2016 ஆம் ஆண்டிலும் வெளியாயின. இவற்றுக்கு முன் ஆசிய நாடுகளில் பெருமளவில் விற்பனையான விசிடி எனப்படும் ஒளிதக் குறுந்தகட்டில் இரண்டு ஒலித்தடங்கள் மட்டுமே உண்டு. எத்துணை விலையுயர்ந்த வடத்தால் இணைத்தாலும் விசிடியிலிருந்து 5.1 ஒலியைப் பெற இயலாது. தட்டில் இல்லாததை வடம் தராது.

குறிவிலக்கம் நிகழும் இடம்

இணைப்பு முறைகளைப் புரிந்துகொள்வதற்கு முன் ஓர் அடிப்படையை அறிவது நன்று. 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பும் 16 பிட்டு ஆழமும் கொண்ட ஆறு தடங்களைச் சுருக்காமல் பதிந்தால், நொடிக்கு 4,608 கிலோபிட்டுத் தரவு தேவை. டிவிடியில் படத்துக்கும் இடம் வேண்டும் என்பதால் இது அதிகம். எனவே டால்பி டிஜிட்டல் முறை அதே ஆறு தடங்களை நொடிக்கு 448 கிலோபிட்டு, அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவான அளவுக்குச் சுருக்குகிறது. காதுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களை விட்டுவிடுவதால் இது இழப்புள்ள சுருக்கம் எனப்படும். டிவிடியில் இடம்பெறும் டிடிஎஸ் ஒலியும் இவ்வகையே. ஆயினும் அது நொடிக்கு ஏறத்தாழ 754 அல்லது 1,509 கிலோபிட்டைப் பயன்படுத்துகிறது.

இவ்வாறு சுருக்கிப் பொதிந்த தரவை மீண்டும் ஆறு தடங்களாக விரிப்பதே குறிவிலக்கம். இதனை இயக்கியே செய்யலாம். அல்லது இயக்கி பொதியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்ப, ஏற்பி செய்யலாம். பிரிக்காமல் அனுப்புவது இயக்கிகளின் பட்டியில் "பிட்ஸ்ட்ரீம்" என்றும், சில கருவிகளில் "ரா" என்றும் குறிக்கப்பட்டிருக்கும். இங்கு அது பிட்டுத்தாரை எனப்படுகிறது. இயக்கியே பிரித்து அனுப்பும் ஒலி "பிசிஎம்" எனப்படும். எந்த வடத்தில் எது செல்லும் என்பதே இப்பொருளின் மையச் சிக்கல்.

இணைப்பு வகைகள்

இருதடத் தொடர்முறை இணைப்பு

சிவப்பு, வெள்ளை நிறங்கள் கொண்ட ஆர்சிஏ செருகிகள் இரண்டால் ஆனது இது. சிவப்பு வலத்தையும் வெள்ளை இடத்தையும் குறிக்கும். ஏறத்தாழ எல்லாப் பழைய இயக்கிகளிலும் உள்ளது. பெட்டியுடன் இலவசமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் இந்த வடமே. அதனால்தான் பலர் இதையே பொருத்திவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். இவ்வடத்தில் அனலாக் எனப்படும் தொடர்முறைக் குறிகைகள் இரண்டு மட்டுமே செல்லும். ஆறு தடங்களையும் இயக்கி முன்னதாகவே இரண்டாகக் கலந்துவிடுகிறது. இசைக் குறுந்தகடுகளுக்கும் விசிடிக்கும் இது போதுமானது, சூழொலிக்கு உதவாது.

ஓரச்சு வடமும் ஒளியிழை வடமும்

இவை இரண்டும் எஸ்/பிடிஐஎஃப் என்னும் ஒரே எண்ணிமக் குறிகையைக் கடத்தும் இரு வழிகள். சோனி, பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்களின் பெயர்களிலிருந்து இக்குறுக்கம் பிறந்தது. ஓரச்சு வடத்தில் குறிகை மின்துடிப்பாகச் செல்லும். செருகி ஆர்சிஏ வகையே. செருகுவாய் பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வடத்தின் மறிப்பு 75 ஓமாக இருத்தல் வேண்டும். மஞ்சள் செருகியுள்ள ஒளிதக் குறிகை வடமும் 75 ஓம் மறிப்புக்கே செய்யப்படுவதால், கையில் வேறு வடம் இல்லாதபோது அதையே இதற்குத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

ஒளியிழை வடத்தில் குறிகை சிவப்பு ஒளியாகச் செல்கிறது. டாஸ்லிங்க் என்னும் இவ்விணைப்பை 1983 ஆம் ஆண்டு தோசிபா நிறுவனம் உருவாக்கியது. இதன் இழை பெரும்பாலும் நெகிழியால் ஆனது. கூர்மையாக மடித்தால் பழுதாகும். செருகுவாயில் தூசி புகாதிருக்க வைக்கப்பட்டிருக்கும் சிறு அடைப்பானையும், வடத்தின் இரு முனைகளிலும் உள்ள தொப்பிகளையும் அகற்ற மறந்துவிட்டு, கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்வோரும் உளர். இயக்கி இயங்கும்போது வடத்தின் மறுமுனையைக் கையில் பிடித்துப் பார்த்தால் சிவப்பு ஒளி தெரியும். தெரிந்தால் அதுவரை இணைப்பு சரி.

ஒலித்தரத்தில் இவ்விரண்டுக்கும் கேட்டறியத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் கருவிகளுக்கிடையே மின்தொடர்பு ஏற்படாத காரணத்தால், நிலத்தொடர்பு வேறுபாட்டால் எழும் இரைச்சலை ஒளியிழை தவிர்க்கிறது. தொலைக்காட்சிக் கம்பி இணைப்பு உள்ள வீடுகளில் இந்த இரைச்சல் அடிக்கடி ஏற்படுவது.

எஸ்/பிடிஐஎஃப் முதலில் இருதட ஒலிக்காகவே வகுக்கப்பட்டது. ஆகவே சுருக்கப்படாத பிசிஎம் ஒலியில் இரண்டு தடங்களை மட்டுமே அது தாங்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டு, இரண்டு தடம் என்றால் நொடிக்கு 1,536 கிலோபிட்டு. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவற்றின் பொதிகள் இந்த இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகையால் இவ்வடங்களில் சூழொலி செல்ல வேண்டுமானால் அது பொதியாக, அதாவது பிட்டுத்தாரையாக மட்டுமே செல்ல முடியும். இயக்கியில் பிசிஎம் என்று தெரிவு செய்தால், அக்கணமே ஒலி இரண்டு தடங்களாகிவிடும். சூழொலி இழக்கப்படும் வழிகளில் மிகவும் பரவலானது இதுவே.

புளூ-ரேயில் உள்ள டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய இழப்பற்ற ஒலிகள் இவ்வடங்களில் அடங்கா. அவற்றின் உச்ச வீதம் முறையே நொடிக்கு 18 மெகாபிட்டும் 24.5 மெகாபிட்டும் ஆகும். ஆயினும் பழைய ஏற்பி வைத்திருப்போர் புளூ-ரேயைக் கைவிட வேண்டியதில்லை. டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவின் உட்கருவாகப் பழைய டிடிஎஸ் ஒலி ஒன்று பொதிந்திருக்கும். ட்ரூஎச்டியுடன் டால்பி டிஜிட்டல் தடம் ஒன்று துணையாகப் பதியப்பட்டிருக்கும். இயக்கி அவற்றையே ஒளியிழை வழியே அனுப்பும். அவையும் டிவிடியில் கிடைத்ததற்குக் குறைந்தவை அல்ல.

பல்தடத் தொடர்முறை இணைப்பு

சில இயக்கிகளின் பின்புறம் ஆறு ஆர்சிஏ செருகுவாய்கள் வரிசையாக இருக்கும். குறிவிலக்கத்தை இயக்கியே செய்து, தடத்துக்கு ஒரு வடமாக ஆறு வடங்களில் அனுப்பும். 1999 ஆம் ஆண்டில் வந்த சூப்பர் ஆடியோ சிடி, 2000 ஆம் ஆண்டில் வந்த டிவிடி-ஆடியோ ஆகியவற்றின் பல்தட ஒலியை எஸ்/பிடிஐஎஃப் வழியே அனுப்ப இயலாததால், அக்காலத்தில் இதுவே பொதுவான வழியாக இருந்தது.

இம்முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒலிபெருக்கிகளின் அளவு, தொலைவு ஆகியவற்றுக்கான திருத்தங்களைப் பல ஏற்பிகள் இந்த உள்ளீட்டுக்குச் செய்வதில்லை. அவற்றை இயக்கியின் பட்டியிலேயே அமைக்க வேண்டும். மற்றொன்று, தாழொலித் தடம் ஏனைய தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படி வகுக்கப்பட்டது. இக்கூட்டலை இயக்கியும் செய்யாமல் ஏற்பியும் செய்யாமல் விட்டால் வெடியோசை வெற்றோசையாகிவிடும். சில ஏற்பிகளில் இதற்கெனத் தனித் தெரிவு உண்டு.

எச்டிஎம்ஐ

படத்தையும் ஒலியையும் ஒரே வடத்தில் கடத்தும் எச்டிஎம்ஐயின் முதற் பதிப்பு 2002 திசம்பரில் வெளியானது. எட்டுத் தடங்கள் வரை சுருக்கப்படாத பிசிஎம் ஒலியை முதற் பதிப்பே தாங்கியது. 2006 ஆம் ஆண்டின் 1.3 பதிப்பு, ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி ஆகியவற்றைப் பொதியாகவே அனுப்ப வழி செய்தது. இன்று வாங்கப்படும் எந்த இயக்கிக்கும் ஏற்பிக்கும் இதுவே இயல்பான இணைப்பு. இயக்கியின் வெளியீட்டிலிருந்து ஏற்பியின் உள்ளீட்டுக்கு ஒரு வடம், ஏற்பியின் வெளியீட்டிலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு வடம் என இரண்டு போதும்.

எச்டிஎம்ஐயில் பிட்டுத்தாரையும் பல்தடப் பிசிஎம்மும் செல்லும் என்பதால், இங்கு பிசிஎம் என்ற தெரிவு சூழொலியைக் கெடுப்பதில்லை. எடுத்துக்காட்டாக, 2006 ஆம் ஆண்டு வந்த பிளேஸ்டேசன் 3 கருவியின் தொடக்க வடிவங்கள் இழப்பற்ற ஒலியைத் தாமே குறிவிலக்கிப் பிசிஎம்மாகவே அனுப்பின. ஏற்பியின் முகப்பில் டால்பி என்ற சொல் தோன்றவில்லையே என்று பலர் கவலைப்பட்டனர். ஆனால் இழப்பற்ற பொதியை எங்கே பிரித்தாலும் கிடைப்பது அதே ஆறு அல்லது எட்டுத் தடங்கள்தாம். டால்பி அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் ஆகிய பொருள்சார் ஒலிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றில் ஒலி எந்த இடத்திலிருந்து வரவேண்டும் என்னும் குறிப்பு பொதிக்குள்ளேயே இருப்பதால், அதனை ஏற்பி படித்தாக வேண்டும். பிட்டுத்தாரைத் தெரிவே தேவை.

2000களின் நடுவில் வந்த சில ஏற்பிகளில் எச்டிஎம்ஐ செருகுவாய் இருந்தும், அவை படத்தைத் தொலைக்காட்சிக்குக் கடத்திவிட்டனவே தவிர, ஒலியைப் பிரித்தெடுக்கவில்லை. அத்தகையவற்றில் எச்டிஎம்ஐயுடன் ஒளியிழை வடம் ஒன்றையும் சேர்த்தே பொருத்த வேண்டும். இதுபோன்றே, மீவுயர் தெளிவுப் புளூ-ரேக்குத் தேவையான எச்டிசிபி 2.2 என்னும் படிப்பாதுகாப்பு முறையை அறியாத ஏற்பி நடுவில் இருந்தால் முழுத் தெளிவுப் படம் கிடைக்காது. இதற்காகவே சில இயக்கிகளில் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடுகள் வைக்கப்பட்டன. ஒன்று தொலைக்காட்சிக்குப் படமாகவும், மற்றொன்று ஏற்பிக்கு ஒலியாகவும் செல்லும்.

தொலைக்காட்சி நடுவில் வரும்போது

இயக்கியைத் தொலைக்காட்சியுடன் இணைத்து, தொலைக்காட்சியிலிருந்து ஒலியை ஏற்பிக்குக் கொண்டுசெல்வதும் வழக்கில் உண்டு. வடங்கள் சுவரில் புதைக்கப்பட்ட வீடுகளில் வேறு வழி இருப்பதில்லை. ஆனால் பல தொலைக்காட்சிகள் எச்டிஎம்ஐ வழியே தமக்கு வந்த சூழொலியை ஒளியிழை வெளியீட்டில் இருதடமாக்கியே விடுகின்றன. சில, டால்பி டிஜிட்டலைக் கடத்தி டிடிஎஸை மறுக்கின்றன. 2009 ஆம் ஆண்டின் எச்டிஎம்ஐ 1.4 பதிப்பில் வந்த ஏஆர்சி என்னும் ஒலி மீள்வழி, வடத்தைக் குறைத்ததே தவிர, இழப்பற்ற ஒலியைக் கடத்தவில்லை. 2017 ஆம் ஆண்டின் 2.1 பதிப்பில் வந்த ஈஏஆர்சி அதையும் கடத்தும். இயலுமிடத்தில் இயக்கியை ஏற்பியுடன் நேராக இணைப்பதே நல்லது.

இயக்கியின் அமைப்புகள்

வடம் பொருத்திய பின் இயக்கியின் ஒலி அமைப்புப் பட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல இயக்கிகளில் எண்ணிம வெளியீடு பிசிஎம் என்றே வைக்கப்பட்டிருக்கும். பழைய தொலைக்காட்சியிலும் ஒலி வந்தாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். டிவிடி இயக்கிகளில் டால்பி டிஜிட்டலுக்கும் டிடிஎஸுக்கும் தனித்தனித் தெரிவு இருப்பதும், டிடிஎஸ் அணைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அப்போது ஒரு தட்டு முழங்கும்; மற்றொரு தட்டு ஊமையாகும்.

புளூ-ரே இயக்கிகளில் இரண்டாம் நிலை ஒலி என்றொரு தெரிவு உள்ளது. படத்தின் மேல் சிறு சாளரத்தில் தோன்றும் இயக்குநர் உரை, பட்டியை அழுத்தும்போது எழும் சொடுக்கொலி போன்றவற்றை முதன்மை ஒலியுடன் கலப்பதற்கு இது பயன்படும். கலக்க வேண்டுமானால் இயக்கி பொதியைப் பிரித்தே ஆக வேண்டும். பிட்டுத்தாரை கேட்டிருந்தால், பிரித்துக் கலந்ததை மீண்டும் இழப்புள்ள டால்பியாகவோ டிடிஎஸாகவோ கட்டி அனுப்பும். ஆக, ஒரு சொடுக்கொலிக்காகப் படம் முழுவதும் இழப்பற்ற ஒலி பலியாகிறது. ஏற்பியின் முகப்பில் ட்ரூஎச்டி தோன்றவேண்டிய இடத்தில் வெறும் டால்பி டிஜிட்டல் தோன்றினால், முதலில் இத்தெரிவை அணைத்துப் பார்ப்பது வழக்கம்.

இறுவட்டின் தொடக்கப் பட்டியிலும் ஒரு தெரிவு காத்திருக்கும். பல டிவிடிகள் ஒரே படத்துக்கு இருதட ஒலி, டால்பி 5.1, டிடிஎஸ் 5.1 என மூன்றையும் கொண்டிருக்கும். தானாகவே தொடங்குவது இருதட ஒலியாகவும் இருக்கலாம்.

ஏற்பியிலும் ஒரு வேலை உள்ளது. ஓரச்சு, ஒளியிழை உள்ளீடுகள் எந்தப் பொத்தானுக்கு உரியவை என்று ஏற்பிக்குச் சொல்ல வேண்டும். டிவிடி என்னும் பொத்தானுக்குத் தொடர்முறை உள்ளீடு ஒதுக்கப்பட்டிருந்தால், ஒளியிழை வடம் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தும் பயனில்லை.

ஒலிபெருக்கிகளை இணைத்தல்

எந்த ஒலிபெருக்கி வடத்தைத் தொடுவதற்கு முன்னும் ஏற்பியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். பன்னிழைக் கம்பியின் ஒரே ஒரு மெல்லிழை பக்கத்து முனையைத் தொட்டாலும் குறுஞ்சுற்று ஏற்பட்டு, பெருக்கியின் வெளியீட்டுத் திரிதடையங்கள் எரிந்துவிடக்கூடும். நல்ல ஏற்பிகளில் காப்புச் சுற்று உண்டு. மலிவானவற்றில் அதனை நம்ப முடியாது. கம்பி முனையை முறுக்கி, வெளியே தெரியாதபடி முழுவதும் முனையத்துக்குள் செலுத்துதல் வேண்டும். ஏற்பியின் பின்புறம் 8 ஓம் அல்லது 6 ஓம் எனக் குறித்திருந்தால், அதற்குக் குறைந்த மறிப்புள்ள ஒலிபெருக்கியை இணைப்பது பெருக்கியைச் சூடாக்கும்.

நேர், எதிர் முனைகள் மாறினால் எதுவும் எரியாது. ஆனால் ஒலி கெடும். இடம் சரியாகவும் வலம் தலைகீழாகவும் இருந்தால், ஒன்றின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றொன்றின் கூம்பு பின்னே இழுக்கும். தாழொலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகரின் குரல் நடுவில் நிலைக்காமல் அறையெங்கும் சிதறும். நிறக்குறியில்லாத வடமாயின், ஏற்பியிலிருந்து கழற்றிய வட முனையில் 1.5 வோல்ட்டு மின்கலத்தை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். பெரிய கூம்பு வெளியே நகர்ந்தால், கலத்தின் நேர்முனை தொட்ட கம்பியே நேர்க்கம்பி. மேலொலி அலகு மட்டும் தனியாக இருக்கும் ஒலிபெருக்கியில் இச்சோதனையைச் செய்தல் கூடாது.

தாழொலிபெருக்கிக்கு மட்டும் பெரும்பாலும் தன்னுள்ளேயே பெருக்கி இருப்பதால், அது ஒரே ஓர் ஆர்சிஏ வடத்தால் இணைக்கப்படுகிறது.

இடமும் அளவீடும்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.775 பரிந்துரைப்படி, கேட்பவருக்கு நேர் முன்னே நடு ஒலிபெருக்கியும், அதிலிருந்து இருபுறமும் 30 பாகையில் முன் ஒலிபெருக்கிகளும், 100 முதல் 120 பாகைக்குள் சூழ் ஒலிபெருக்கிகளும் அமையும். பின் எனப்பட்டாலும் இவை முதுகுக்கு நேர் பின்னே இல்லை. தோளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் உள்ளன. இருக்கை பின்சுவரை ஒட்டியிருக்கும் சிறிய கூடங்களில் இது ஓர் ஆறுதல்.

எல்லா ஒலிபெருக்கிகளையும் ஒரே தொலைவில் வைக்க இயலாது. ஒலி 20 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகும். முன் ஒலிபெருக்கி 3.4 மீட்டரிலும் சூழ் ஒலிபெருக்கி 1.7 மீட்டரிலும் இருந்தால், பின்னொலி 5 மில்லி நொடி முந்திவிடும். இரு இடங்களிலிருந்து வரும் ஒரே ஒலியில் முதலில் எட்டியதன் திசையையே மூளை ஏற்றுக்கொள்கிறது. எனவே காட்சி திரையில் இருக்க, ஒலி காதோரத்தில் நிற்கும். ஏற்பியில் தொலைவுகளைப் பதிந்தால் அண்மையில் உள்ளதை அது தேவையான அளவு தாமதப்படுத்தும்.

சிறிய ஒலிபெருக்கிகளால் ஆழ்ந்த தாழொலியைத் தர இயலாது. பட்டியில் அவற்றைச் "சிறியவை" எனக் குறித்தால், குறித்த எல்லைக்குக் கீழுள்ள ஒலி தாழொலிபெருக்கிக்குத் திருப்பப்படும். இவ்வெல்லையாக 80 ஹெர்ட்ஸ் பரவலாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் கீழ் ஒலி வரும் திசையைக் காது எளிதில் அறிவதில்லை. உயரமான ஒலிபெருக்கி வாங்கிய பெருமையில் அதைப் "பெரியது" எனக் குறிப்பது தேவையற்றது. இத்தெரிவு ஒலிபெருக்கியின் உயரத்தைக் கேட்கவில்லை.

ஒலியளவைச் சமப்படுத்த ஏற்பி ஒவ்வொன்றிலும் சோதனை இரைச்சல் உள்ளது. ஒலியழுத்தமானி கொண்டு, அமரும் இடத்தில் ஒவ்வொன்றும் 75 டெசிபல் காட்டும்படி திருத்துவது வழக்கம். ஆடிசி, யமாகாவின் ஒய்பிஏஓ, பயனியரின் எம்சிஏசிசி முதலிய தானியங்கி முறைகள் சிறு ஒலிவாங்கி ஒன்றைக் கொண்டு இவற்றைத் தாமே செய்கின்றன. அவை முடித்த பின் தொலைவுகளை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

உரையாடல் கேட்கவில்லை, சண்டைக் காட்சியோ காதைப் பிளக்கிறது என்பது வீட்டுத் திரையரங்கு பற்றிய பொதுவான முறையீடு. நடு ஒலிபெருக்கியின் அளவை 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துவது முதல் தீர்வு. டால்பி டிஜிட்டல் ஒலிக்கு இரவு நிலை எனப்படும் வீச்சுக் குறைப்பும் உண்டு. உறங்கும் குழந்தையும் சுவருக்கு அப்பால் அண்டை வீட்டாரும் உள்ள குடியிருப்புகளில் இதுவே படம் பார்ப்பதை இயலச் செய்கிறது.

போலிச் சூழொலியைக் கண்டறிதல்

இரண்டு தடங்களாக வந்த ஒலியைப் பெரும்பாலான ஏற்பிகள் டால்பி புரோ லாஜிக் II முதலிய முறைகளால் ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் விரித்துவிடும். இடமும் வலமும் ஒத்த பகுதியை நடுவுக்கும், மாறுபட்ட பகுதியைப் பின்னுக்கும் அனுப்புவது இதன் அடிப்படை. இசைக்கும் பழைய படங்களுக்கும் இது இனிமையான வசதியே. ஆனால் ஆறு தடமுள்ள தட்டைத் தவறான அமைப்பில் ஓட்டும்போது பிழையை மறைத்துவிடுவதும் இதுதான். பின் ஒலிபெருக்கியில் மழைச் சத்தம் வருகிறது என்பதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

சான்று ஏற்பியின் முகப்பில் இருக்கிறது. ஒலியமைப்புப் பெயரை அல்லாமல் உள்வரும் குறிகையின் பெயரைக் காண வேண்டும். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், ட்ரூஎச்டி என்றோ, பல்தடப் பிசிஎம் என்றோ இருந்தால் ஆறு தடங்களும் வந்துள்ளன. புரோ லாஜிக் என்றோ, வெறும் பிசிஎம் என்றோ இருந்தால் வந்தவை இரண்டே. சில ஏற்பிகள் உள்வரும் தடங்களைச் சிறு எழுத்துக் கட்டங்களாகவும் காட்டும். தடத்துக்குத் தடம் பெயர் சொல்லும் சோதனை இறுவட்டு இருந்தால் இன்னும் எளிது. "பின் இடம்" என்னும் குரல் முன்னாலும் சேர்ந்து கேட்டால் தடங்கள் எங்கோ கலந்துவிட்டன.

டிடிஎஸ் குறியேற்றிய இசைத்தட்டுகளில் எச்சரிக்கை தேவை. அவை தோற்றத்தில் சாதாரணக் குறுந்தகடு போன்றவை. டிடிஎஸ் அறியாத கருவி அப்பொதியை இருதடப் பிசிஎம் என்று கருதி ஒலிக்கச் செய்யும். அப்போது எழுவது இசையன்று, முழு அளவிலான இரைச்சல். ஒலியளவு உயர்த்தி வைத்திருந்தால் மேலொலி அலகுகளும் காதும் பாதிக்கப்படலாம். இத்தகைய தட்டை முதன்முறை ஓட்டும்போது ஒலியளவை முழுவதும் குறைத்துத் தொடங்க வேண்டும். இயக்கியில் எண்ணிம ஒலியளவுக் கட்டுப்பாடு இருந்தால், அதனை முழு அளவில் விட்டுவிட வேண்டும். பொதியின் ஒரு பிட்டு மாறினாலும் ஏற்பியால் அதனைப் பிரிக்க இயலாது.